தாசில்தார் கையெழுத்தை நான் போட்ட நாள்

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், ஆடி மாதம். தர்மபுரி மாவட்டத்தில் ஒரு தாலுகா அலுவலகம். எந்த ஊர் என்று எழுத மாட்டேன். எழுதினால் இன்னொரு மெமோ வரும். ஏற்கெனவே ஒன்று வாங்கியாகிவிட்டது. அது எப்படி வந்தது என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

நான் அந்த அலுவலகத்துக்கு ஆசைப்பட்டுப் போகவில்லை. பாண்டுக்காகப் போனேன். அப்பா மாரண்டஹள்ளியில் தக்காளி லோடு அடிக்கும் டெம்போ ஓட்டுகிறார். நான் பி.இ. முடித்த வருஷம் அரசாங்கத்தின் உதவித்தொகைத் திட்டம் ஒன்றில் தேர்வானேன். சைபர் செக்யூரிட்டி மேல்படிப்பு. ஃபீஸ், ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் அவர்கள் பொறுப்பு. பதிலுக்கு, படித்து முடித்ததும் அவர்கள் கைகாட்டுகிற அரசு அலுவலகத்தில் மூன்று வருஷம் வேலை செய்ய வேண்டும். நடுவில் விட்டுவிட்டுப் போனால் மொத்தச் செலவையும் திருப்பிக் கட்ட வேண்டும். அதுவரை ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாம் அவர்களிடம் இருக்கும். பாண்டில் கையெழுத்துப் போடும்போது எனக்குக் கொஞ்சம்கூட வருத்தம் இல்லை. படிக்க வைத்தவர்களுக்கு வேலை செய்வதில் என்ன கஷ்டம் என்று நினைத்தேன். அவ்வளவு வெகுளியாக இருந்திருக்கிறேன்.

போய்ச் சேர்ந்த பிறகு பிரிண்டரில் சிக்கின பேப்பரை எடுத்தேன். கலெக்டர் வீடியோவில் மீட்டிங் போடும்போது டிவிக்கு வயர் மாட்டினேன். ஒரு அலுவலரின் மகனுக்குக் காலேஜ் ப்ராஜெக்ட் செய்து கொடுத்தேன். நான் என்ன படித்துவிட்டு வந்திருக்கிறேன் என்று அங்கே ஒருத்தரும் கேட்கவில்லை. கம்ப்யூட்டர் பொண்ணு, அவ்வளவுதான்.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. அதைச் சொன்னால்தான் மற்றது புரியும். சான்றிதழ்கள் எல்லாம் இப்போது கம்ப்யூட்டரில்தான் வருகின்றன. கடைசியில் தாசில்தார் கையெழுத்தும் கம்ப்யூட்டரில்தான். அதற்கென்று அவருக்கு ஒரு டோக்கன் கொடுத்திருப்பார்கள். பார்க்கப் பென் டிரைவ் மாதிரி இருக்கும். அதைச் செருகி, அவருக்கு மட்டும் தெரிந்த பின் நம்பரை அடித்தால் கையெழுத்து விழும். சட்டப்படி அவர் பேனா பிடித்துப் போட்ட கையெழுத்துக்குச் சமம். எங்கள் அலுவலகத்தில் அந்த டோக்கன் காலையிலிருந்து சாயங்காலம் வரை சீனியரின் கம்ப்யூட்டரில் செருகியே இருக்கும். சீனியர் என்றால் தலைமை எழுத்தர். ஓய்வு பெறச் சில வருஷம் இருந்தது அவருக்கு. பின் நம்பர் ஆபீஸ் முழுக்கத் தெரியும். தாசில்தார் எங்கேயாவது ஏரி ஆக்கிரமிப்பை அகற்றிக்கொண்டிருப்பார், அவர் கையெழுத்து இங்கே மடமடவென்று விழுந்துகொண்டிருக்கும்.

ஒருநாள் சீனியர் டீக்குப் போயிருந்தார். அவர் நாற்காலியில், எதிர்க்கடையில் டைப்பிங் சென்டர் வைத்திருக்கிற புரோக்கர் உட்கார்ந்து, தாசில்தார் கையெழுத்தைப் போட்டுக்கொண்டிருந்தார். நான் நிற்பதைப் பார்த்தும் எழவில்லை. "அண்ணன் வர்ற வரைக்கும் பாத்துக்கச் சொன்னாரும்மா" என்றார், பாலைப் பூனையிடமிருந்து பார்த்துக்கொள்கிற மாதிரி. எவன் வேண்டுமானாலும் எவன் நிலத்துக்கு வேண்டுமானாலும் கையெழுத்துப் போடலாம். இதைத் தடுக்கத்தானே என்னைப் படிக்க வைத்தீர்கள்?

மேலே எழுதிப் போட்டேன். பெயர் எதுவும் குறிப்பிடவில்லை, நடக்கிற முறையை மட்டும் எழுதினேன். ஆச்சரியமாக, அதைப் படித்து ஒரு உத்தரவும் வந்தது. டோக்கன் அதிகாரியின் சொந்தப் பொறுப்பில் இருக்க வேண்டும், பின் நம்பரை மாற்ற வேண்டும், வேறு யாரும் தொட்டால் நடவடிக்கை. தாசில்தாருக்கு அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அலைய விருப்பமில்லை. சீனியரிடம் கொடுத்து பீரோவில் பூட்டச் சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து எனக்கு சைபர் போலீஸ் என்று பெயர். ஃபேன் போடப் போனால், "பாஸ்வேர்டு கேட்டுட்டுப் போடுங்கப்பா, மேடம் எழுதிப் போட்ருவாங்க" என்பார்கள். தண்ணீர் கேனைத் திறக்கிறவர், "இதுக்கு ஓ.டி.பி. வருமுங்களா மேடம்?" என்று கேட்பார். எல்லோருக்கும் வருகிற டீ என் மேஜைக்கு மட்டும் வராது. சிரித்துக்கொண்டே போனேன். செய்தது சரி என்ற நினைப்பு இருந்தது.

அப்படி ஒரு நாளில்தான் அந்தத் தாயும் மகளும் வந்தார்கள். மலைக்கிராமத்துக்காரர்கள். சாமை, ராகி போட்டுப் பிழைக்கிற குடும்பம். அந்தப் பெண் அரசுக் கலைக் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்தவள். செல்போனை நீட்டி ஒரு மெசேஜைக் காட்டினாள். நான் படித்த அதே திட்டம். அதே வார்த்தைகள். தேர்வாகிவிட்டாள். இந்த வருஷத்து வருமானச் சான்றிதழை மட்டும் ஏற்ற வேண்டும். அன்றுதான் கடைசி நாள், சாயங்காலத்தோடு சைட்டை மூடிவிடுவார்கள்.

"போன வாரமே வந்திருப்பமுங்க. மலைல ஒரே மழை, பஸ்ஸு ஏறல. வி.ஏ.ஓ.வும் ஆர்.ஐ.யும் அனுப்பிட்டாங்களாம். இங்கதான் நிக்குதாம்" என்றார் அந்த அம்மா.

பார்த்தேன். உண்மைதான். எல்லாம் முடிந்து கடைசிக் கையெழுத்துக்காக நின்றது. ஒரு நிமிஷ வேலை.

நானும் அதே திட்டத்தில் படித்தவள்தான் என்று சொன்னதும் அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. "நெசமாவாக்கா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். இதே வேலைக்கு இன்னொருத்தி வரப்போகிறாள் என்று எனக்கும் சந்தோஷம். அந்த அலுவலகத்துக்கு வந்த பிறகு முதல் சந்தோஷம் அதுதான்.

சீனியரிடம் போனேன். தாசில்தார் தொலைவில் ஒரு கிராமத்தில் குறைதீர்ப்பு முகாமில் இருந்தார். கலெக்டர் வந்திருந்ததால் போனை அணைத்து வைத்திருந்தார். சீனியர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, ஆர்டர் வந்ததிலிருந்து தாங்கள் டோக்கனைத் தொடுவதே இல்லை என்றார். பொய். போன வாரம்தான் ஒரு ரியல் எஸ்டேட்காரருக்காக பீரோ திறந்தது. தாசில்தார் அன்றும் இல்லை. என் கண்ணால் பார்த்தேன். அதை அவர் முகத்துக்கு நேரே சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. நான் சொல்வதற்காகவே காத்திருந்தவர் மாதிரி சிரித்தார்.

"அப்ப நீ என்னம்மா சொல்ற? நான் டோக்கனை எடுத்து அய்யா கையெழுத்தைப் போடணுமா? கொஞ்சம் சத்தமா சொல்லு. எல்லாரும் கேக்கட்டும்."

ஆபீசே வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தது. தாயும் மகளும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எடுத்துப் போடுங்க சார்" என்றேன்.

பின்னாலிருந்து ஒருத்தர், "சைபர் போலீசே சொல்லிட்டாங்கப்பா, போடுங்க" என்றார். சிரிப்பு. காது சூடாகிவிட்டது. பரவாயில்லை, காரியம் நடந்தால் போதும் என்று நின்றேன்.

"வாயால சொல்லிட்டு நாளைக்கு இல்லைன்னுடுவ. எழுதிக் குடு."

எழுதிக் கொடுத்தேன். மாணவியின் நலன் கருதி டோக்கனைப் பயன்படுத்தி ஒப்புதல் வழங்கக் கேட்டுக்கொள்கிறேன் என்று எழுதி, கீழே என் பெயரைப் போட்டேன். அதை நிதானமாகப் படித்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பீரோவைத் திறந்து டோக்கனை எடுத்து, ஒரு கவரில் போட்டு, ஓரத்தை நாக்கால் நக்கி ஒட்டி என் கையில் கொடுத்தார்.

"நான் தொடல, பாத்துக்க. பின் நம்பர் எனக்குத் தெரியாது. மாத்தியாச்சு, உன் ஆர்டர்படி. அய்யாகிட்டயே போய்க் கேட்டுக்க."

அந்த ஆளிடம் வாதாட நேரமில்லை. அம்மாவை ஆபீஸ் வாசலில் உட்காரச் சொல்லிவிட்டு, ஆபீஸ் லாப்டாப்பை எடுத்துக்கொண்டு, அந்தப் பெண்ணை என் ஸ்கூட்டரில் ஏற்றினேன். ஆடிக் காற்று. எதிர்க்காற்றில் வண்டி நகர மாட்டேன் என்றது. கண்ணெல்லாம் மண். அவள் லாப்டாப் பையைக் குழந்தையை அணைக்கிற மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தாள். வழியெல்லாம் கேள்வி. ஹாஸ்டலில் சாப்பாடு எப்படி, இங்கிலீஷிலேயே பாடம் நடத்தினால் புரியுமா, படித்து முடித்த பிறகு என்ன வேலை கொடுப்பார்கள். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன்.

"உங்களுக்கு இந்த வேலை புடிச்சிருக்காக்கா?"

"புடிச்சிருக்கு" என்றேன். வேறு என்ன சொல்வது?

முகாமில் பந்தல் போட்டு, மேடை போட்டு, ஊரே மனுவோடு உட்கார்ந்திருந்தது. தாசில்தார் மேடையில், கலெக்டருக்குப் பின்வரிசையில் இருந்தார். என்னை ஒரு போலீஸ் அம்மா கிட்டே விடவில்லை. தாசில்தாரின் ஜீப் டிரைவரைப் பிடித்தேன். நல்ல மனுஷன். "கலெக்டர் எழுந்தாத்தான்ம்மா இவரு எழுவாரு. இப்பக் கூப்பிட்டா எம் மேல பாய்வாரு" என்றார். காத்திருந்தோம். உதவித்தொகை கொடுத்தார்கள், தையல் மிஷின் கொடுத்தார்கள், ஒவ்வொன்றுக்கும் போட்டோ எடுத்தார்கள். அந்தப் பெண் செல்போனில் நேரத்தைப் பார்ப்பதும் என் முகத்தைப் பார்ப்பதுமாக இருந்தாள். கடைசியில் கலெக்டர் சாப்பிட எழுந்தார். டிரைவர் ஓடிப்போய்த் தாசில்தாரைக் கூட்டிவந்தார்.

விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் சுருங்கியது.

"இதுக்கா இவ்வளவு தூரம் வந்த? ஆபீஸ்லயே போட வேண்டியதுதானே?"

"பின் நம்பர் உங்களுக்கு மட்டும்தான் தெரியும்னு சொன்னாங்க சார்."

"எவன் சொன்னது? மாத்தினதே அந்த ஆளுதானம்மா. எனக்கு அதெல்லாம் எங்க ஞாபகம் இருக்குது?"

சொல்லிவிட்டு, போனை எடுத்துச் சீனியருக்குப் போட்டார். அந்தப் பக்கம் குரல் தேன் மாதிரி வந்தது, எனக்கே கேட்டது. "சொல்லுங்கய்யா, குறிச்சுக்குங்கய்யா." சீனியர் ஒவ்வொரு எண்ணாகச் சொல்ல, தாசில்தார் அதை என்னைப் பார்த்து உரக்கத் திருப்பிச் சொன்னார். பந்தலில் கூட்டமும் சத்தமும். நாலு பக்கமும் ஆட்கள். மனு கையில் வைத்திருந்த ஒரு பெரியவர் தலையாட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். எண்ணைச் சொல்லி முடித்ததும், கலெக்டர் கூப்பிடுகிறார் என்று தாசில்தார் போய்விட்டார். லாப்டாப்பைக்கூடப் பார்க்கவில்லை.

நான் ஜீப்பின் பானெட்டில் லாப்டாப்பை வைத்து, என் போனின் நெட்டை அதில் இணைத்து, டோக்கனைச் செருகி, அந்த எண்ணை அடித்தேன். தாசில்தாரின் கையெழுத்து விழுந்தது. யாரும் போடக் கூடாது என்று எழுதிப் போட்ட நானே போட்டேன். அன்றைக்கு அது எனக்கு உறைக்கக்கூட இல்லை. சான்றிதழ் வந்துவிட்டது என்று அந்தப் பெண் குதித்தாள்.

இனி அதை உதவித்தொகை சைட்டில் ஏற்ற வேண்டும். பந்தலில் இருந்த அத்தனை பேரும் செல்போன் வைத்திருந்தார்கள். கையெழுத்துக்கு எப்படியோ தாங்கிய சிக்னல் இப்போது திணறியது. அவள் போனில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. என் போனிலும் அதே. மெயின் ரோட்டுக்குப் போனால் நன்றாக எடுக்கும் என்று டிரைவர் சொன்னார். வண்டியை எடுத்தேன். மெயின் ரோட்டில் ஒரு புளியமரத்தடியில் நிறுத்தி மறுபடி முயன்றோம். அங்கே சிக்னல் இருந்தது, சைட்தான் திறக்கவில்லை. கடைசி நாள் என்று எல்லோரும் ஏறியிருப்பார்கள். சாயங்காலம் வரை திரும்பத் திரும்ப அழுத்தினோம். திறந்தபோது ஒரே ஒரு வரிதான் இருந்தது. விண்ணப்பிக்கும் காலம் முடிந்தது.

அவள் அழவில்லை. அந்த வரியையே பார்த்துக்கொண்டு மறுபடி அழுத்தினாள். மறுபடி. "நாளைக்குத் தொறந்து வைப்பாங்களாக்கா?" என்று கேட்டாள். உதவி எண்ணுக்குப் போன் போட்டேன். சான்றிதழ் கையில் இருக்கிறது, அரசாங்கமே கொடுத்தது, அரசாங்கத்தால்தான் தாமதம் என்று கத்தினேன். அங்கிருந்த ஆள் மரியாதையாக, "சிஸ்டம் எடுக்காதுங்க மேடம்" என்றார்.

ஆபீஸுக்குத் திரும்பியபோது எல்லோரும் வீட்டுக்குப் போயிருந்தார்கள். அந்த அம்மா மட்டும் படியில் உட்கார்ந்திருந்தார். மகளின் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டார். எழுந்து என்னிடம் வந்தார். நாங்கள் போன பிறகு சீனியர் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லியிருக்கிறார். எனக்கு ஒருநாளும் வராத டீ.

"ஏங்க, அதைப் பூட்டி வைக்கச் சொல்லி எழுதிப் போட்டது நீங்கதானாமே?"

மகள் நடுவில் புகுந்தாள். "இல்லம்மா, அக்கா பாவம்..."

"உன்னைக் கேக்கல. நீங்க சொல்லுங்க. நீங்கதானா?"

என்னவெல்லாமோ சொல்லியிருக்கலாம். புரோக்கரைப் பற்றி, போன வாரம் பீரோ திறந்ததைப் பற்றி, போனில் வந்த தேன் குரலைப் பற்றி.

"ஆமாங்க" என்றேன்.

"நல்ல வேலைங்க. எங்களுக்குன்னா பூட்டு எவ்வளவு சுத்தமா வேலை செய்யுது பாருங்க."

அவ்வளவுதான். திட்டவில்லை, சபிக்கவில்லை. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தார். அந்தப் பெண் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அம்மா இழுத்தார், போய்விட்டாள்.

அடுத்த வாரம் எனக்கு மெமோ வந்தது. அதிகாரியின் டோக்கனை அலுவலகத்துக்கு வெளியே எடுத்துச் சென்றது, அனுமதியின்றி அவர் கையெழுத்தைப் பயன்படுத்தியது. ஆதாரமாக நான் எழுதிக் கொடுத்த காகிதமே இணைக்கப்பட்டிருந்தது. விசாரணையில் தாசில்தாரைக் கேட்டார்கள். முகாம் பரபரப்பில் இருந்ததால் சரியாக நினைவில்லை என்று எழுதிக் கொடுத்தார். ஜீப் டிரைவரைக் கேளுங்கள் என்றேன், கேட்கவில்லை. பாண்டில் ஆறு மாதம் கூட்டினார்கள். சீனியருக்கு ஒன்றும் ஆகவில்லை. பதவி உயர்வோடு சொந்த ஊருக்கே மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். பிரிவு உபசாரத்தில் எனக்கும் ஒரு கப் டீ கொடுத்தார்கள். குடிக்காமல் வைத்துவிட்டு வந்தேன்.

அந்தப் பெண்ணுக்காக மேலே எழுதினேன். ஒரு பதிலும் இல்லை. சில மாதம் கழித்து அவளுடைய எண்ணுக்குக் கூப்பிட்டேன். அம்மாதான் எடுத்தார். "அவ ஓசூர் பக்கம் கம்பெனிக்குப் போயிட்டாளுங்க. செல்போன் மாட்டற வேலை" என்றார். அடுத்த அறிவிப்பு வரும்போது சொல்கிறேன், நானே கூட நின்று எல்லாம் செய்து கொடுக்கிறேன் என்றேன். "சரிங்க" என்று வைத்துவிட்டார். அந்தச் சரிங்க எனக்குப் புரியாமல் இல்லை.

இப்போதும் அதே ஆபீஸில்தான் இருக்கிறேன். புதுத் தாசில்தார், புதுச் சீனியர். டோக்கன் மறுபடி காலையிலிருந்து சாயங்காலம் வரை கம்ப்யூட்டரில் செருகியே கிடக்கிறது. அந்த உத்தரவு எந்தக் கோப்புக்குள் போனது என்று யாருக்கும் தெரியாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லோரையும் உட்கார வைத்து, பின் நம்பரை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று என்னை வகுப்பெடுக்கச் சொல்கிறார்கள். எடுக்கிறேன். வருகைப் பதிவில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பாதிப் பேர் எழுந்து போகிறார்கள்.

தோழிகள் கேட்கிறார்கள், மறுபடி அப்படி எழுதிப் போடுவாயா என்று. போடுவேன். புரோக்கர் கையில் தாசில்தாரின் கையெழுத்து இருப்பதை இன்றைக்குப் பார்த்தாலும் போடுவேன். அந்தச் சீனியரை நான் மன்னிக்கவும் போவதில்லை. ஆனால் ஒன்று. அன்று நான் எழுதியதில் டோக்கனை யார் தொடக் கூடாது என்று பக்கம் பக்கமாக இருந்தது; அதிகாரி இல்லாத நேரத்தில் மலையிலிருந்து இறங்கி வந்து நிற்கிறவளுக்கு யார் போட்டுக் கொடுப்பது என்று ஒரு வரிகூட இல்லை, அந்த ஒரு வரி இல்லாத இடத்தில்தான் அந்த ஆள் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டான் என்பதை நினைத்தால், இவர்கள் எல்லோர் மேலும் வருகிற அதே கோபம் என் மேலும் வருகிறது.